ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"கடிதம் எழுதி வச்சுட்டேன் அக்கா, திங்கட்கிழமை கொடுக்கப் போறேன்" என்று நேற்று போனில் சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதையேதான் நானும் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு, வீடு வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாக்கிக் கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. விட்ட நேரம்தான் தப்பு.

சம்பளத்தை நீ கால்விலங்கு என்கிறாய். கடன் கொடுப்பவர் உன்னிடம் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் வேலையை விட்ட ஐந்தாவது மாதம் ஒரு நல்ல வீடு விலைக்கு வந்தது. அவசரத்துக்கு விற்கிறார்கள், பேரம் படிந்துவிட்டது, வில்லங்கம் ஒன்றும் இல்லை. வங்கியில் எதிரே இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டு?" என்றார். இல்லை என்றேன். கோப்பை மூடி, மேஜைமேல் மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். அவர் மேல் தப்பில்லை. சொந்தத் தொழில் செய்பவரிடம் குறைந்தது 2 வருட வருமானக் கணக்கு கேட்பது பல நாடுகளில் வழக்கம். என்னிடம் ஐந்து மாதக் கணக்குகூடச் சரியாக இல்லை. ஆறு மாதம் முன்னால் போயிருந்தால் அந்த வீடு என் கையில் இருந்திருக்கும்.

வாடகையை நீ போட்டிருக்கும் கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டு மாதமும் ஆள் இருப்பதாக வைத்திருக்கிறாய். ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வரி, காப்பீடு, பழுது எல்லாம் அதற்கு மேல். கடன் தவணையைச் சேர்க்காமலேயே வாடகையில் பாதி செலவுக்குப் போகும் என்று வைத்துக் கணக்குப் போடும் முதலீட்டாளர்கள் உண்டு. எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. ஆனாலும் உன் கணக்கை ஒரு தடவை அப்படிப் போட்டுப் பார்.

என் முதல் வீட்டில் குடியிருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அன்று, குளியலறைக்கு வெளியே கூரையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை இருந்தது. காய்ந்துவிடும் என்று விட்டேன். பத்து நாளில் பூச்சு உப்பிக் கொண்டு வந்தது. குழாயை மாற்றி, சுவரைக் காயவிட்டு, திரும்பப் பூசி முடிக்க மூன்று மாதம் ஆனது. மூன்று மாதமும் வாடகை இல்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் போனது. அப்போது மாதச் சம்பளம் வந்திருந்தால் நகையை அடகு வைத்திருக்க மாட்டேன்.

தவணை கட்டக் கட்டச் சொத்து நம்முடையதாகிறது என்கிறாய். ஆகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்று வைத்துக்கொள். முதல் தவணையில் 100க்கு 80 வட்டிக்கே போகும். பாதிக் கடன் அடைய 13 வருடத்துக்கு மேல் ஆகும்.

விலை ஏறிக் கொண்டேதான் இருக்கும் என்றும் நம்பாதே. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2012க்குள் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் இறங்கியது. தவணையைத் தொடர்ந்து கட்ட முடிந்தவர்கள் வீட்டைக் காப்பாற்றிக் கொண்டார்கள். கையில் வருமானம் நின்றுபோன எத்தனையோ பேர் வீட்டையே இழந்தார்கள்.

உன்னால் முடியாது என்று நான் சொல்லவே இல்லை. மனிதர்களோடு பேசவும் சுவரைத் தட்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கவும் உனக்கு என்னைவிட நன்றாக வரும். வேலையில் இருக்கும்போதே முதல் வீட்டை வாங்கு. ஒரு வருடம் அதை நீயே நடத்திப் பார். குடியிருப்பவர் காலி செய்வதையும் ஒரு தடவையாவது பார்த்துவிடு. ஒரு வருட வீட்டுச் செலவும் ஆறு மாதத் தவணையும் தனியாகச் சேர்ந்த அப்புறம் கடிதத்தைக் கொடு. அன்றைக்கு நானே உன்கூட வாசல் வரை வருகிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் நீ போட்டிருக்கும் வாடகைக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை வா. நானும் என் பழைய நோட்டை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா