பெரியம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள நண்பா,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். நம் வகுப்பு லீடர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். வருகைப் பதிவு எடுக்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை. போன வாரம் தொலைபேசியில் உன்னையும் ‘ஆப்சென்ட்’ போட்டுவிட்டார்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் சபைக்கு ஓர் இளம் போதகர் வந்திருக்கிறார். நன்றாகப் படித்தவர். யோவான் நான்காம் அதிகாரத்தில், ‘தேவன் ஆவியாயிருக்கிறார்’ என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். தேவனுக்குச் சரீரம் கிடையாது. வேதத்தில் வரும் கை, கண், காது, சிங்காசனம் எல்லாம் நம் அறிவுக்கு எட்டும்படி சொன்னவை என்றார். ஆராதனை முடிந்ததும் பெரியம்மா அவரை வாசலில் மடக்கினார். “அப்படியானால் இத்தனை வருஷமாக நான் யாருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், தம்பி?” என்று கேட்டார். தம்பிக்குப் பேச்சு வரவில்லை. பெரியப்பா போன பிறகு பெரியம்மா எப்படி நாளைக் கடத்துகிறார் என்று உனக்குத் தெரியும். அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நீ சிரிப்பாய், தெரியும். ‘உங்கள் கடவுளுக்கு முதுகு மட்டும்தான் உண்டு’ என்று விடுதியில் நீ அடித்த கேலியை இதற்குள் எடுத்துத் தூசி தட்டியிருப்பாய். தேவன் மோசேக்குத் தம் முகத்தைக் காட்டாமல் பின்புறத்தை மட்டும் காட்டும் யாத்திராகமம் 33-ஐ என்னைவிட நீதான் கவனமாகப் படித்தவன். ஆனால் கேலியிலும் உனக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில், மானி என்ற பாரசீகரைப் பின்பற்றிய மானி மதத்தார், ‘உங்கள் கடவுளுக்கு மயிரும் நகமும் உண்டா?’ என்று கேட்டே கிறிஸ்தவர்களைத் திணறடித்தார்கள். பின்னாளில் சபையின் பெரும் போதகரான அகஸ்டினும் இளைஞராக இருந்தபோது அந்தக் கேள்வியில் மயங்கித்தான் அவர்களோடு போனார். பிறகு மிலானில் அந்நகர ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டபோதுதான், சபை அப்படிப் போதிக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பின்னும் அவருக்குச் சிக்கல் தீரவில்லை. எங்கும் பரந்து நிறைந்த ஏதோ ஒரு மெல்லிய பொருளாகத்தான் கடவுளை அவரால் நினைக்க முடிந்தது. அப்படியானால் குருவியின் உடம்பில் இருப்பதைவிட யானையின் உடம்பில் கடவுள் அதிகம் இருக்க வேண்டுமே என்று பின்னாளில் தம்மைத் தாமே மடக்கி எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

போதகர் சொன்னதில் தவறு இல்லை. உபாகமம் நான்காம் அதிகாரத்தில் மோசே ஜனங்களுக்கு நினைவூட்டுவதே அதைத்தான்: ஓரேப் மலையிலே சத்தத்தைக் கேட்டீர்கள், ஒரு ரூபத்தையும் காணவில்லை. உடம்பு என்றால் அளவு உண்டு, இடம் உண்டு, உறுப்புகள் உண்டு. சேர்த்து வைத்தது பிரியக்கூடியது. சேர்த்து வைக்க ஒருவர் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் படைத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய நூலில், கடவுள் உண்டு என்று நிறுவிய கையோடு அடுத்து எடுக்கும் கேள்வியே ‘கடவுள் ஒரு உடலா?’ என்பதுதான். தேவசாயல், புயம், கண், சிங்காசனத்தில் உட்காருவது என்று உன் வாதங்களையெல்லாம் முதலில் அவரே வரிசையாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் முதல் விதியும், 1646-இல் எழுதி முடித்த, பிரெஸ்பிட்டீரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் கடவுளுக்குச் சரீரம் இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன. இதற்கு மாறாகப் போதிப்பவர்கள் மார்மன் சபையார். பிதாவுக்கும் மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்று அச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1843-இல் போதித்தார். மற்றச் சபைகள் அதை ஏற்பதில்லை.

ஆனால் ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிடாதே. ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கடவுள் ஆவிதான், ஆனாலும் அவர் ஒரு சரீரம் என்பதை யார் மறுப்பார்கள் என்று கேட்டவர். உண்மையில் இருக்கிற எதற்கும் ஒருவகைச் சரீரம் உண்டு என்ற ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவவாதிகளின் சிந்தனை அவருக்கு. எகிப்தின் பாலைவனத் துறவிகளிடையே இது பெரும் சண்டையாகவே வெடித்தது. 399-இல் அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலுஸ், கடவுளுக்கு மனித வடிவம் இல்லை என்று சுற்றறிக்கை அனுப்பினார். துறவிகள் கொதித்துப்போய் நகரத்துக்குள் திரண்டு வந்தார்கள். ஆயர் சமாளித்த விதத்தைக் கேள்: “உங்களைக் காண்பது தேவனுடைய முகத்தைக் காண்பதுபோல இருக்கிறது” என்றாராம்! கூட்டம் குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு, கடவுள் உடலற்றவர் என்று சொன்ன துறவிகளையே ஆயர் விரட்ட ஆரம்பித்தார். அரசியல்வாதி எந்த நூற்றாண்டிலும் அரசியல்வாதிதான்.

அந்தக் கலவர நாட்களில் நடந்ததாகக் காசியான் என்ற துறவி எழுதிவைத்திருக்கும் ஒரு சம்பவம்தான் என்னை உலுக்கியது. செரப்பியோன் என்ற முதிய துறவி. ஐம்பது ஆண்டு தவத்தில் கழித்தவர். கற்றறிந்த ஒரு டீக்கன் (சபை உதவி ஊழியர்) வந்து வசனம் வசனமாக விளக்க, கிழவர் ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லோரும் நன்றி சொல்ல ஜெபத்துக்கு எழுந்தார்கள். ஜெபத்தின் நடுவில், வழக்கமாகத் தம் மனத்தில் எழும் அந்த உருவத்தைக் காணாமல் அவர் தரையில் விழுந்து கதறினாராம்: என் தேவனை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்களே, இனி யாரைப் பற்றிக்கொள்வேன் என்று. பெரியம்மா பேசியது போலவே இருக்கிறது, பார்த்தாயா?

காசியான் இதை அறியாமையின் விளைவாகத்தான் எழுதுகிறார். எனக்கோ அந்த டீக்கன் மேலும் கோபம். எங்கள் போதகர் மேலும் கொஞ்சம். சொன்னது சரி, பாதியில் நிறுத்தியதுதான் தவறு. யோவான் நான்கோடு வேதம் முடிந்துவிடவில்லையே! லூக்கா 24-ஐ எடுத்துப் பார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டு சீஷர்கள் ஓர் ஆவி என்று கலங்கும்போது அவர் சொல்வது என்ன? ‘என்னைத் தொட்டுப்பாருங்கள், நீங்கள் காண்கிறபடி, எனக்கு மாம்சமும் எலும்புகளும் உண்டாயிருக்கிறதுபோல, ஒரு ஆவிக்கு இராதே.’ அதுவும் போதாமல், பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

எங்கள் ஆட்கள் பலருக்கு, இயேசு வேலை முடிந்ததும் சீருடையைக் கழற்றுவதுபோல உடம்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பரலோகத்துக்குப் போனார் என்ற நினைப்பு. கேட்டால் மறுப்பார்கள், பேச்சு மட்டும் அப்படித்தான் இருக்கும். சபையின் போதனை அதற்கு நேர் எதிர். முதல் விதியில் கடவுளுக்குச் சரீரம் இல்லை என்று சொன்ன அதே 39 விதிகள், நான்காம் விதியில், கிறிஸ்து மாம்சத்தோடும் எலும்புகளோடும் பரலோகத்துக்கு ஏறினார் என்கின்றன. தேவ சுபாவத்துக்கு உடம்பு இல்லை. ஆனால் குமாரன் எடுத்துக்கொண்ட உடம்பை விட்டுவிடவில்லை. தோமாவுக்குக் காட்டிய காயங்களோடு உயிர்த்தெழுந்த உடம்பு அது. இரண்டு சுபாவங்களும் ஒருவரிலே, கலந்துபோகாமலும் பிரிந்துபோகாமலும் இருக்கின்றன என்று 451-இல் கல்கெதோனில் கூடிய ஆயர்களின் சங்கம் வரையறுத்தது. உனக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். எனக்கு இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் நிற்பதாகத் தெரியவில்லை.

பெரியம்மாவிடம் போனேன். கல்கெதோன் எல்லாம் சொல்லவில்லை. மத்தேயு 28-ஐ எடுத்து வாசித்தேன். கல்லறையிலிருந்து ஓடி வந்த பெண்கள் வழியில் இயேசுவைக் கண்டு, ‘அவர் பாதங்களைத் தழுவி, அவரைப் பணிந்துகொண்டார்கள்’ என்ற இடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தாமே ஒருமுறை வாசித்தார். “இதைத்தானே நானும் சொன்னேன்? இதற்கா இத்தனை புத்தகம் புரட்டினாய்?” என்றார். நான் எழுந்திருக்கும்போது அடுத்த கேள்வியைப் போட்டார்: “சரி, அந்த உடம்பு இப்போது எங்கே இருக்கிறது?”

இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் மோதியது இதைச் சுற்றித்தான். லூத்தர் மேஜைமேல் சுண்ணக்கட்டியால், அப்பத்தைக் குறித்து இயேசு சொன்ன ‘இது என் சரீரம்’ என்ற வார்த்தைகளை எழுதிவைத்துக்கொண்டு அசைய மறுத்தார். சரீரம் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கும்போது நற்கருணை அப்பத்தில் எப்படி இருக்கும் என்றார் சுவிங்கிலி. தேவனுடைய வலதுகரம் ஓர் இடத்துக்குள் அடங்குவதா என்பது லூத்தர் தரப்பு. ஓர் இடத்தில் இல்லாத உடம்பு உடம்புதானா என்று சுவிங்கிலி பக்கம் சாய்கிறேன். மறுநாள் நற்கருணையில் லூத்தர் பக்கம் போய்விடுகிறேன். இரண்டு கட்சியிலும் சேராத உன்னால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியும். வழக்கைப் படித்துவிட்டு யார் பக்கம் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா விடமாட்டார்.

தங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்ததா? அதையும் ஒரு வரி எழுதிவிடு.

என்றும் அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்