கசான் என்றால் லெனின் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பற்றி வந்த கட்டுரை, கசான் பல்கலைக்கழகத்தை 'லெனின் படித்த இடம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. லெனின் அங்கே இருந்தது சில மாதங்கள்தான். 1887இல் சட்டம் படிக்கச் சேர்ந்தவரை, மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அந்த டிசம்பரிலேயே வெளியேற்றிவிட்டார்கள். அவருக்கு முன்னால் டால்ஸ்டாய்: 1844இல் கீழை மொழிகள் படிக்கச் சேர்ந்து, சட்டத்துக்கு மாறி, 1847இல் பட்டம் வாங்காமலே ஊருக்குப் போனவர். படிப்பை முடிக்காதவர்களை வைத்தே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் என்பது வேடிக்கைதான்!

1804இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் தொடங்கிவைத்த அந்தப் பல்கலைக்கழகத்தை ஆளாக்கியவர் லோபசெவ்ஸ்கி. யூக்ளிட்டின் இணைகோட்டு விதி (ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் வரைய முடியும் என்பது) இல்லாமலே ஒரு வடிவியலைக் கட்டியவர் என்று கணக்கு வாத்தியார்களுக்குத் தெரியும். அவர் 1827 முதல் 1846 வரை, 19 ஆண்டுகள், அங்கே ரெக்டராக (நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி) இருந்ததை யார் சொல்கிறார்கள்? நூலகப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. கட்டட வேலையை மேற்பார்க்க வேண்டுமே என்று கட்டடக்கலையும் கற்றார். 1830இல் ஊருக்குள் காலரா வந்தபோது ஆசிரியர்களின் குடும்பங்களையும் மாணவர்களையும் வளாகத்துக்குள் வைத்து வாசல் கதவைச் சாத்திவிட்டார். வெளியே செத்ததோடு பார்த்தால் உள்ளே சாவு குறைவு. 1842இல் கசான் நகரம் பற்றி எரிந்தது. பல்கலைக்கழகத்தின் வானாய்வுக்கூடமும் தப்பவில்லை. அதையும் திரும்பக் கட்டினார். இத்தனைக்கும் பிறகு பதவி போனது, பார்வை போனது. கடைசி நூலை இவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், அதனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ருத்தேனியம் என்ற உலோகத்தை 1844இல் கண்டுபிடித்த கார்ல் கிளவுஸ் கசான் பேராசிரியர். யூரல் மலைப் பிளாட்டினத் தாதுவின் கழிவைக் கிளறி எடுத்தார். ரசாயனங்களை நாக்கில் வைத்துச் சுவை பார்க்கும் பழக்கம் வேறு! 'எதையும் வாய்கிட்ட கொண்டுபோகாதே' என்று ஆய்வகத்தில் கத்தியே தொண்டை போன எனக்கு, அதைப் படித்தபோது பகீரென்றது. சரியாக நூறாண்டு கழித்து, 1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே இயற்பியலாளர் சவோய்ஸ்கி எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வை (காந்தப்புலத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட மின்காந்த அலையை உறிஞ்சுவதை) கண்டறிந்ததும் அங்கேதான்.

அடுத்த முறை லோபசெவ்ஸ்கிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். படம் போடுவதானால் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் முதன்மைக் கட்டடத்தைப் போடலாம். எதிரே மாணவன் லெனினின் சிலை இருக்கிறது. அதுவும் படத்தில் விழட்டும், பரவாயில்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
காரைக்குடி