கேமரா பாடிய விட லென்ஸ்ல காச போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

புதுசா கேமரா வாங்குற பசங்க என்கிட்ட மெகாபிக்ஸல் எத்தனைன்னு தான் கேக்குறாங்க, எந்த லென்ஸ்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, மனசு கேக்காம தான் எழுதுறேன். வீட்டு விசேஷம், தெரு, திருவிழா இதுக்கெல்லாம் 24 மெகாபிக்ஸல் பழைய பாடியே தாராளம். கூட வர்ற 18-55 கிட் லென்ஸ் பகல்ல நல்லாத்தான் எடுக்கும், ஆனா 55 எம்எம் ஜூம்ல வச்சா எஃப் 5.6 தான் (எஃப்னா லென்ஸ் தொறப்போட அளவு, நம்பர் சின்னதானா தொறப்பு பெருசு), டியூப்லைட் வெளிச்சத்துல ஐஎஸ்ஓவ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வு அளவ, ஏத்தி ஏத்தி படம் புள்ளி புள்ளியா ஆயிடும், அதே இடத்துல எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடும்.

எல்லாரும் சொல்றாங்கன்னு நானும் மொதல்ல 50 எம்எம் தான் வாங்குனேன். என்னோடது ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேம் சென்சார விட சின்னது), ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, 1.5 மடங்கு கிராப்ல அந்த லென்ஸ் 75 எம்எம் மாதிரி ஆயிடுச்சு, கம்மி இடம் தான் தெரியும், எங்க வீட்டு ஹால்ல செவுத்துல முதுகு ஒட்ட நின்னாலும் நாலு பேரு ஃபிரேம்ல அடங்கல, 35 எம்எம் மாத்துனப்புறம் தான் குடும்பமே படத்துல வந்துச்சு.

பழைய லென்ஸ் வாங்குறவங்க பாடிய பாத்து வாங்குங்க. நிக்கான் டி3500ல ஃபோகஸ் மோட்டார் கிடையாது, உள்ள மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டுனா ஃபோகஸ கையால தான் திருப்பணும். லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னும் பாருங்க. எங்க மாதிரி கடலோர ஊர்ல தோல் பைக்குள்ளயே மாசக்கணக்குல வச்சிடாதீங்க, காத்து புகாத டப்பால, ஈரத்த உறிஞ்சுற சிலிகா ஜெல் போட்டு வைங்க.

உங்க பேப்பர்ல வாரம் ஒரு அரைப்பக்கம் இதுக்குன்னு ஒதுக்குங்க ஐயா, பசங்களுக்கு ரொம்ப உதவும்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் வாசகர்