கறுத்த மாவும் வெளுத்த மாவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவைத் திறந்ததும், "என்னடா இது, மாவு இப்படிக் கறுத்துக் கிடக்கிறது? கொட்டு அதை!" என்று சத்தம் போட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டால் அப்பா எடுத்து, "இப்போது பேசாதே, கோபமாக இருக்கிறாள்" என்று வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். கடிதத்தில் ஒரு வசதி, நீங்கள் நடுவில் குறுக்கிட முடியாது.

அந்தக் கறுத்த மாவு கெட்டுப்போகவில்லை அம்மா. அன்று ராத்திரியே ரொட்டி சுட்டுச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. என்னை ஒருமுறை படுக்கையில் போட்டது வேறொரு மாவு. அது பாலாக வெளுத்து, அப்போதுதான் பிசைந்ததுபோல் இருந்தது. நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். இருட்டில் வேலைக்குப் போகிறேன், இருட்டில் திரும்புகிறேன். சமையலறை நான்கு பேருக்குப் பொது. அடுப்பில் ஆளுக்கு அரை மணி நேரம், ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. தினமும் மாவு பிசைவதென்றால் வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கும் சேர்த்துப் பிசைந்து வைத்துவிடுகிறேன்.

வந்த புதிதில், ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரம் பனி கிடப்பதைப் பார்த்து, இந்த ஊரே ஒரு ஃபிரிட்ஜ்தானே என்று நினைத்தேன். மென்மையாக வரட்டும் என்று பால் விட்டுப் பிசைந்த மாவை, ஈரத்துணி போட்டு மூடி, சமையலறை மேசையிலேயே ராத்திரி முழுவதும் வைத்துவிட்டேன். அந்த மேசைக்குப் பின்னால்தான் வீட்டைச் சூடாக்கும் குழாய் ஓடுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. குளிரெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சட்டையோடு உட்காரலாம். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, நீங்கள் செய்வதுபோல் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இலேசான பால் வாடை, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. சுட்டுச் சாப்பிட்டேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி. விடியும்வரை குளியலறைத் தரையில்தான் கிடந்தேன். மாவுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்று காலையிலிருந்து வேறு எதையும் நான் வாயில் போடவில்லை.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவர். காலையில் எனக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்ச மாவைப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை மணிக்கு வெளியே வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். நேற்று ராத்திரிக்கு முந்தின ராத்திரி என்றேன். அப்படியே குப்பையில் போட்டார்.

அவர் சொன்னது இதுதான். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பாலும் முட்டையும் சேர்ந்த மாவு என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். சில கிருமிகள் மாவுக்குள்ளேயே ஒரு நச்சை விட்டுவைக்கின்றன. அடுப்புச் சூட்டில் கிருமி செத்தாலும் அந்த நச்சு சாகாது. அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. "நன்றாகச் சுட்டுவிட்டால் எதுவும் செய்யாது" என்று நீங்களும் நானும் இத்தனை நாள் நம்பியது தவறு அம்மா.

அதன்பின் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்குள் சூடு என்றால் வெளியே வைக்கலாமே என்று, டப்பாவை ஜன்னலுக்கு வெளியே உள்ள விளிம்பில் வைத்தேன். ராத்திரி கல்லாக உறைந்தது. பகலில் வெயில் பட்டு இளகியது. மறுபடி உறைந்தது. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் மாவு ஒரு பக்கமாகவும் தண்ணீர் ஒரு பக்கமாகவும் பிரிந்து, அழுத பிள்ளையின் முகம்போல் இருந்தது. பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இனி உங்கள் கறுப்பு மாவுக்கு வருகிறேன். ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அதே காரியம்தான் இது. கோதுமையில் இருக்கும் ஒரு நொதி, காற்றுப் பட்டதும் மாவின் மேல்தோலை மங்க வைக்கிறது. தவிடு அதிகம் உள்ள மாவு சீக்கிரம் கறுக்கும். நீங்கள் பார்த்த அந்த உருண்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். மேலே நகக்கனத்துக்குத்தான் சாம்பல் நிறம், உள்ளே பிசைந்த அன்றைய நிறம் அப்படியே இருந்தது. மேலே எண்ணெயைத் தடவி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளை மாவோடு ஒட்டினாற்போல் சுற்றி வைத்தால் இந்தக் கறுப்பு வெகுவாகக் குறைகிறது. டப்பாவில் காலி இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கறுப்பு.

கரும்புள்ளிகளைப் பார்த்தும் நீங்கள் பதறினீர்கள். அவை தவிட்டுத் துணுக்குகள். பூசணமும் புள்ளியாகத்தான் ஆரம்பிக்கும் என்பது உண்மை, அதனால் நான் இப்படிப் பார்க்கிறேன்: உருண்டையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடிப்பேன். தவிட்டுப் புள்ளி மாவோடு மாவாகப் படிந்திருக்கும். பூசணம் மேலே எழும்பி நிற்கும், மெல்லிய மயிர்போல் தெரியும், பச்சையாகவோ வெள்ளையாகவோ பஞ்சு வைத்ததுபோல் இருக்கும். அப்படி ஒரு புள்ளி தெரிந்தாலும் முழு உருண்டையும் குப்பைக்கு. அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சுடுகிற பழக்கம் நம் வீட்டில் உண்டு, உங்களுக்கே தெரியும். மாவு மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம், தூள் மூக்கில் ஏறும்.

இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் கீற்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், குப்பைக்குத்தான். தொட்டால் கையில் கொழகொழவென்று ஒட்டி, இழுத்தால் நூல் விடுவதும், ஊசிப்போன வாடையோ சுள்ளென்ற புளிப்போ வருவதும் அப்படித்தான். ஈஸ்ட் போடாத மாவு புளிக்க ஆரம்பித்துவிட்டது என்றால், அங்கே நீங்கள் கூப்பிடாத விருந்தாளி வந்துவிட்டார் என்று பொருள்.

ஈஸ்ட் போட்ட மாவின் கதை வேறு. அதை முதன்முதலாகச் செய்தபோது டப்பா நிறைய அடைத்து, மூடியை இறுக்கி வைத்துவிட்டேன். நள்ளிரவில் ஃபிரிட்ஜுக்குள் டமாரென்று சத்தம். நான்கு பேரும் ஓடிவந்தோம். மூடி மேல்தட்டில் கிடந்தது, மாவு என் தட்டைத் தாண்டி அடுத்தவர் தட்டில் குடியேறியிருந்தது. குளிரில் ஈஸ்ட் தூங்காது, மெதுவாகும், அவ்வளவுதான். டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியைச் சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும். அந்த மாவில் இலேசாகச் சாராய வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை, அது ஈஸ்ட்டின் வேலை. மூன்று நாளைத் தாண்டினால் மாவு அமுங்கி, பிடிமானம் இழந்து, தொய்ந்துபோகும். சுட்டால் ரொட்டி சப்பையாக, நிறமே இல்லாமல் வரும். சிவந்து வருவதற்கு வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் முன்னதாகவே தின்று தீர்த்திருக்கும். அந்தத் தொய்வு உடம்புக்கு ஒன்றும் செய்யாது, வாய்க்குத்தான் நஷ்டம்.

எங்கள் ஃபிரிட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர் ஒரு சின்ன வெப்பமானி கொடுத்தார். கதவுத் தட்டில் வைத்துப் பார்த்தால் 9 டிகிரி! நான்கு பேரும் மாறி மாறித் திறந்தால் வேறென்ன காட்டும். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குமிழைத் திருகிச் சரிசெய்தோம், மாவு டப்பாவை உள்பக்கமாகத் தள்ளி வைக்கிறேன். நீங்களும் கதவிலேயே வைக்கிறீர்கள், அதை மாற்றுங்கள். பெரிய உருண்டையாக வைத்தால் வெளியே சில்லிட்டாலும் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். கைப்பிடி அளவாகப் பிரித்து வைப்பது மேல். தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு இப்படி மூன்று நாள் தாங்கும். பால், முட்டை சேர்த்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் சமாளிக்கலாம். நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து "குளிர் இருக்கிறதா" என்று கைவிட்டுப் பார்ப்பீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

மூன்று நாளுக்குமேல் வேண்டியது ஃபிரீசருக்குப் போகிறது. உருண்டையை வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். ஈஸ்ட் இல்லாதது இரண்டு மாதம் கழித்தும் நன்றாக இருந்தது. ஈஸ்ட் போட்டதை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுகிறேன், உறைகுளிரில் ஈஸ்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. வேலைக்குப் போகுமுன் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போகும் ஆசை தினமும் வருகிறது. வேண்டாமென்று முந்தின ராத்திரியே கீழே ஃபிரிட்ஜில் இறக்கிவைக்கிறேன். ஃபிரீசர் கிருமியைக் கொல்வதில்லை. பனி விட்டதும் அது எழுந்து உட்காரும்.

இன்னொன்று. உப்புச் சரியா என்று பச்சை மாவைக் கிள்ளி வாயில் போடுவீர்களே, அதையும் விட்டுவிடுங்கள். பொட்டல மாவு வேகாத பண்டம். வயலிலிருந்தே ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஒட்டிக்கொண்டு வரலாம். உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை ருசி பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் மூக்கை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டில் அன்றன்று பிசைந்து அன்றன்றே தீர்ந்துவிடும். உங்கள் மூக்கு ஒரு நாளைக்கு மட்டும் காவல் இருந்தால் போதும். இங்கே ஒரு வாரத்துக்குக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அதனால் டப்பாவின்மேல் காகிதப் பட்டி ஒட்டி, பிசைந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கிறேன். இன்றைய பட்டியில் "ஞாயிறு, மாலை 4" என்று இருக்கிறது. புதன்கிழமை மாலை மீதி இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கொட்டும்போது உங்கள் குரல் கேட்கத்தான் செய்கிறது, அதற்காக இப்போதெல்லாம் குறைவாகவே பிசைகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் மாவு அரை மணி நேரம் ஊறினாலே விரித்த இடத்தில் நிற்கும், என்னுடையது ராத்திரி முழுவதும் ஊறியும் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்கிறது. நீங்கள் விடுவது வெந்நீரா, வெதுவெதுப்பான தண்ணீரா? எண்ணெயை முதலிலேயே சேர்ப்பீர்களா, பிசைந்து முடித்த பிறகா? அப்பாவிடம் சொல்லி அனுப்பாமல் நீங்களே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்