பத்தாண்டு அளவீட்டை நம்பி வெள்ள எல்லைக் கோட்டை நகர்த்த வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கடலோரக் குடியிருப்போர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கடலோர மேலாண்மைத் துறை

பொருள்: வெள்ள எல்லைக் கோட்டை வரையறுக்கும்போது காலநிலைச் சுழற்சிகளையும் கணக்கில் எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். கடல்நீர் எதுவரை எட்டக்கூடும் என்று குறிக்கும் புதிய வெள்ள எல்லைக் கோட்டுக்கான வரைவு அறிக்கையைப் படித்தோம். கடந்த பத்தாண்டுகளில் எங்கள் கரையில் கடல்மட்டம் பெரிதாக உயரவில்லை, ஆகவே கோட்டைக் கடல் பக்கமாக நகர்த்தலாம் என்கிறது அது. அளவீடுகளில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் அச்சமூட்டுகிறது.

செயற்கைக்கோள்கள் 1993 முதல் அளந்ததில் கடல்மட்டத்தின் உலகச் சராசரி ஆண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் எந்தக் கரையும் அந்தச் சராசரிப்படி நடப்பதில்லை. பசிபிக்கில் வழக்கமான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று வெதுவெதுப்பான நீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. அதனால் இந்தோனேசியப் பக்கம் தென் அமெரிக்கப் பக்கத்தைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும் எல் நினோ என்ற மாற்றம் வந்தால் காற்று தளர்ந்து அந்த நீர் கிழக்கே திரும்பிவிடும். 1997-98இல் கிழக்குப் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் கடல்மட்டம் 20 செ.மீ.க்கும் மேல் ஏறியது, மேற்கே இறங்கியது.

எல் நினோவாவது ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும். பத்து, இருபது ஆண்டுகள் நீளும் சுழற்சிகள்தான் திட்டமிடுவோரை ஏமாற்றுகின்றன. 1993க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் மேற்குப் பசிபிக்கின் வெப்ப மண்டலப் பகுதியில் கடல் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் உயர்ந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏற்றமே தெரியவில்லை. வலுத்திருந்த காற்று நீரை எதிர்ப்பக்கம் நிறுத்தி வைத்திருந்தது. பிறகு சுழற்சி திரும்பியதும் அந்தக் கரையிலும் நீர் ஏறியது. எங்கள் கரை இன்று இருப்பதும் அத்தகைய இடைவெளிதானா என்ற கேள்வியை வரைவு அறிக்கை எழுப்பவேயில்லை.

2010-11இல் வலுவான லா நினாவின்போது (எல் நினோவுக்கு நேரெதிரான நிலை) ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் பெருமழை கொட்டியது. அந்த நீர் நிலத்தில் தங்கிவிட, உலகச் சராசரியே ஏறத்தாழ 5 மி.மீ. இறங்கியது. அந்த ஓராண்டை மட்டும் பார்த்தவர் கடல் பின்வாங்குகிறது என்றே எழுதியிருப்பார்.

எனவே கோட்டை நகர்த்தும் முடிவை நிறுத்தி வையுங்கள். ஓதங்களின் (கடல் ஏற்றவற்றங்களின்) உயரத்தை மாற்றும், நிலவின் சுற்றுப்பாதைச் சாய்வு மாறிவரும் சுழற்சி மட்டுமே 18.6 ஆண்டுகள் நீள்கிறது. அதில் பாதியளவே உள்ள பதிவிலிருந்து எல்லை வகுப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. அருகிலுள்ள மிகப் பழைய கடல்மட்டமானியின் முழுப் பதிவையும் எடுத்து, காற்றாலும் வெப்பத்தாலும் வந்துபோகும் ஏற்ற இறக்கத்தையும் நிலையான உயர்வையும் தனித்தனியே கணக்கிட வேண்டுகிறோம். நிலம் தாழ்கிறதா என்பதையும் அளக்க வேண்டும். தாழும் நிலத்தில் நிற்கும் மானி கடல் ஏறுவதாகவே காட்டும். சுழற்சியின் உச்சமும் உயர் ஓதமும் ஒன்றாக வரும் நாளில் நீர் எதுவரை எட்டுமோ, அதுவே எல்லையாக இருக்கட்டும்.

எல் நினோ, லா நினா பல மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்கப்படுகின்றன. அக்கணிப்புகள் எங்கள் கரைக்கு என்ன பொருள் தரும் என்பதைப் பருவந்தோறும் அறிவித்தால், தாழ்வான வீடுகளில் இருப்போர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வோம்.

கணக்கீட்டு முறையை எங்களுக்கு விளக்கவும், எங்கள் கேள்விகளைக் கேட்கவும் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் குடியிருப்போர்