எதுகைக்கு உதவாத அகராதி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதம் கண்டேன். 8 கோடிப் பதிவுகள் கொண்ட ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண், நிலை, தேதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவில் தேடித்தரும் வரிசைப் பட்டியல்) போட்டும், ஒரு வாடிக்கையாளரின் நிலுவை ஆர்டர்களில் கடைசி 20 மட்டும் வர இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் இரண்டு மூன்று இண்டெக்ஸ்களை பிட்மேப்பாக, அதாவது பொருந்தும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, இணைத்துப் பார்க்கக்கூடியதுதான். ஆனால் அப்படி இணைக்கும்போது தேதி வரிசை கலைந்துவிடுவதால், பொருந்தியவை அனைத்தையும் எடுத்து அடுக்கிய பிறகே 20ஐத் தர முடிகிறது. உங்களுக்கு வேண்டியது மூன்றையும் முறையாகக் கோத்த ஒரே இண்டெக்ஸ். அகராதியில் மோனைச் சொற்கள் அருகருகே கிடைக்கும். எதுகைச் சொற்களைத் தேடினால் முழுவதையும் புரட்ட வேண்டும். பேயரும் மெக்கிரைட்டும் 1972இல் வெளியிட்ட, இந்த இண்டெக்ஸ்களுக்கு அடிப்படையான பி-ட்ரீ அமைப்பும் இந்த வகையில் அகராதிதான். ஆகவே, சமம் என்று ஒப்பிடப்படும் வாடிக்கையாளர் எண்ணையும் நிலையையும் முன்னே வைத்து, தேதியைக் கடைசியில் வையுங்கள். தேடல் நேரே ஓரிடத்தில் இறங்கி, அடுத்தடுத்த 20 பதிவுகளைப் படித்தவுடன் நின்றுவிடும்.

அதன் பிறகு வாடிக்கையாளர் எண்ணுக்கென்று இருக்கும் பழைய இண்டெக்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது, புதியதன் முதலிடத்திலேயே அது இருக்கிறதல்லவா? நான்கைந்து மதிப்புகளே உள்ள நிலைக்குத் தனி இண்டெக்ஸ் வைத்திருப்பதும் வீண் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு புதிய ஆர்டரும் எல்லா இண்டெக்ஸ்களிலும் எழுதப்பட வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

தேதியின் இண்டெக்ஸை மட்டும் விட்டுவைக்கவும், மாத அறிக்கைக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் குவெரியில் (தேடல் கட்டளையில்) தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு மாதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். இண்டெக்ஸில் இருப்பது முழுத் தேதி என்பதால் அது பயன்படாமல் கிடக்கிறது. மாதத்தின் முதல் நாள் தொடங்கி, அடுத்த மாத முதல் நாளுக்கு முன்பு வரை என்று எழுதிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் ஒருமுறை பட்டப்பகலில் சாதாரண கிரியேட் இண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை ஒரு ஆர்டரும் பதிவாகாமல் விழித்திருக்கிறேன். கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால் புதிய பதிவுகளை எழுதுவது தடைபடாது, நேரம் மட்டும் கூடும். இடையில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

முடித்ததும், குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையின் வெளியீட்டை அனுப்புங்கள். அதில் சார்ட் (Sort, அடுக்குதல்) என்ற வரி இன்னும் இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்