கல்லடி வீட்டுக்கு இரும்பு

அன்பு மகனுக்கு,

மட்டக்களப்புக் கல்லடியில கட்டப்போற வீட்டுக்கு நீ அனுப்பின பிளானை ஆறுதலா இருந்து பார்த்தன். நடுவில தூண் இல்லாத ஹோல், மேல்மாடிக்கு எச் பீம் எண்ட எச் வடிவ இரும்பு உத்திரம், தகட்டுக் கூரையைத் தாங்க சி சனல் எண்ட சி வடிவ இரும்புச் சட்டம். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. அவ்வளவு அகலத்துக்குக் கொங்கிறீட் பீம் போட்டா அது தடிச்சுக் கீழ இறங்கிடும். இரும்புக்கு அந்தக் கரைச்சல் இல்ல. கறையானும் கிட்ட வராது. தகட்டு வெக்கைக்குக் கீழால இன்சுலேசன் போட்டாச் சரி.

உப்புக்காத்துக்கு இரும்பு நிக்குமோ எண்டுதான் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. பழைய கல்லடிப் பாலமும் இரும்புதானே எண்டு சொன்னன். ஆனா அவ கேக்கிறதில நியாயம் இருக்கு மகன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. முன் கேற்றைப் போய்ப் பார்த்தன். கம்பியெல்லாம் நல்லாத்தான் கிடக்கு. வெல்டிங் வைச்ச மூலையில மட்டும் பெயின்ட் பொக்களிச்சு, நகத்தால சுரண்டச் செதில் செதிலாக் கழருது.

அதால சாதா இரும்பை வாங்கிப் பெயின்ட் அடிச்சு முடிக்க நான் சம்மதிக்கமாட்டன். வெட்டி, துளைச்சு, வெல்டிங்கும் முடிச்ச பிறகுதான் உருகின நாகத்தில, அதுதான் சிங்க் உலோகத்தில, முழுசா முக்கி எடுக்கவேணும். இதைத்தான் கல்வனைஸ் எண்டுறது. கல்வனைஸ் பண்ணினதுக்கு மேல பிறகு வெல்டிங் வைச்சா, அந்தச் சூட்டில நாகப்பூச்சு எரிஞ்சுபோகும். துரு அந்த இடத்திலதான் பிடிக்கத் தொடங்கும். வளவுக்குள்ள பூட்டுற வேலை போல்டால மட்டும் நடக்கட்டும். போல்டும் கல்வனைஸா இருக்கவேணும். செலவு கூடத்தான். சுவர் டைல்ஸைக் குறை, இதில குறைக்காத.

மற்றது காத்து. 1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியை நீ கதையாத்தான் கேட்டிருப்பாய். அப்படிக் காத்து கூரையை மேலால அமத்துறதில்ல, உறிஞ்சித் தூக்கும். தகட்டுக் கூரை ஓட்டுக் கூரையை விட இலேசு, இன்னும் சுகமாத் தூக்கும். தகடு சி சனலோட, சனல் பீமோட, பீம் தூணோட, தூண் அத்திவாரத்தோட எண்டு ஒரு இடமும் விடாமல் பிடிச்சிருக்கவேணும். தூணின்ர அடித்தகட்டுக்குரிய போல்டுகள் அத்திவாரக் கொங்கிறீட் ஊத்தக்குள்ளயே உள்ளுக்கு நிக்கவேணும்.

மாரி தொடங்க முன்னம் அத்திவாரத்தை முடிப்பம் எண்டு மேசன் அவசரப்படுத்துறார். எஞ்சினியரிட்டக் கேட்டு, எந்தத் தூணுக்கு எத்தனை போல்ட், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு ஆழம் எண்ட படத்தை முதல்ல அனுப்பு. அது கைக்கு வராமல் கொங்கிறீட் ஊத்த நான் விடமாட்டன்.

அன்புடன்,
அப்பா